ஏலப் பட்டியலில் ஒரு மனிதக் கை: விற்பனையை நிறுத்தக் கோரும் புகார்

அனுப்புநர்: தங்கள் பதிவுபெற்ற வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, சென்னைக் கிளை.

பொருள்: இலண்டன் ஏலத்தில் பழங்கால எகிப்திய மனித உடற்பாகம் விற்பனைக்கு வைக்கப்பட்டது குறித்தும், அதைப் பற்றிய என் வினாவுக்குக் கிடைத்த பதில் குறித்தும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பழைய நாணயங்களும் தென்னிந்திய நிலப்படங்களும் வாங்குவதற்காகத் தங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறேன். பொருளின் தரத்திலோ அனுப்பிவைப்பதிலோ எனக்கு இதுவரை குறை இருந்ததில்லை. இப்போது எழுத நேர்ந்திருப்பது வேறு வகையான குறை.

இலண்டனில் நடக்கவிருக்கும் ஏலத்தின் அச்சுப் பட்டியலைச் சென்னைக் கிளை எனக்கு அனுப்பியிருந்தது. நான் தேடிய டச்சுக் கம்பெனிக் காசுகளுக்கு முந்தைய பக்கத்தில், ‘விந்தைப் பொருள்கள்’ என்ற தலைப்பின்கீழ், கண்ணாடிக் கூண்டுக்குள் நிமிர்த்தி வைக்கப்பட்ட ஒரு மனிதக் கையின் முழுப்பக்க வண்ணப்படம் இருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிக்கப்பட்ட இடது கை அது. விரல்கள் லேசாக மடங்கியிருக்கின்றன, சுண்டுவிரலில் மட்டும் சுற்றுத்துணியின் இழைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நகங்கள் உதிராமல் அப்படியே இருக்கின்றன. படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, பீடம் மகோகனி மரத்தாலானது என்கிறது. கண்ணாடி விக்டோரியா காலத்தது என்கிறது. பித்தளைத் தகட்டில் அதை முதலில் வாங்கிய கனவானின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும், அந்தத் தகட்டின் ஒரு மூலையில் கீறல் இருப்பதையும் தவறாமல் சொல்கிறது. கைக்கு உரியவரைப் பற்றி அதில் இருப்பது ‘பெண்ணாக இருக்கலாம்’ என்பது மட்டுமே. தகட்டின் கீறலுக்குக் கிடைத்த அக்கறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எகிப்தை விட்டு எப்போது, எந்த ஆவணத்தின்பேரில் வெளியேறியது, இதை விற்கும் உரிமை தங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதால் சட்டத் தடை ஏதுமில்லை, பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பிலிருந்து வந்தது, அருங்காட்சியகங்களிலும் இத்தகையவை உண்டு என்று பதில் வந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த உருப்படி ‘நேரடி விற்பனைக்கு’ மாற்றப்பட்டிருப்பதாகவும், விருப்பமிருந்தால் விலை பேசலாம் என்றும் கடைசி வரியில் இருந்தது. கேள்வி கேட்டவனையே வாங்கவந்தவனாக எண்ணிக்கொண்டு, பொருளை ஏல மேடையிலிருந்து இறக்கித் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டீர்கள். என் புகாரின் மையம் இதுதான்.

சட்டத்தை முன்வைத்தீர்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் பெரும்பாலும் நூறு ஆண்டுக்கு உட்பட்ட உடல்களுக்கே இசைவும் உரிமமும் கேட்கிறது என்பது உண்மை. அதற்கு முந்தையவற்றை அது தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறதே தவிர, விற்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. மேலும், இறந்தவரின் உடல் யாருக்கும் சொத்தாகாது என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய நெறி. அதற்கு விலக்குத் தந்த தீர்ப்பு 1908இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் வந்தது: இரட்டைத் தலையோடு இறந்து பிறந்து, புட்டியில் பதப்படுத்தி வைக்கப்பட்ட குழந்தையைப் பற்றிய வழக்கில், உழைப்பும் திறமையும் செலுத்தி மாற்றப்பட்ட உடல் உடைமையாகலாம் என்று அந்நீதிமன்றம் கொண்டது. இதைத் தங்கள் உருப்படிக்குப் பொருத்திப் பார்த்தால், அந்தப் பெண்ணின் உடல் மறுவாழ்வுக்காக முழுமையாக இருக்கவேண்டும் என்று எழுபது நாள் பாடுபட்டுப் பதப்படுத்தியவர்களின் உழைப்பே, அவளைத் துண்டாக்கி விற்கும் உரிமையைத் தங்களுக்குத் தந்திருப்பதாக ஆகிறது. இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளத் தங்கள் சட்ட ஆலோசகர் முன்வருவாரா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

‘பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்பது கைமாறிய வரலாறு ஆகாது. எகிப்து தன் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு முன்பே வெளியேறியது என்று காட்டினால் போதும் என்பதால்தான் சந்தையில் உள்ள எல்லாமே பழைய சேகரிப்பாக இருக்கின்றன. அப்படியே இது விக்டோரியா காலத்துப் பயணி ஒருவர் வாங்கிவந்ததாக இருந்தாலும், அந்தக் காலத்தில் கைகளும் கால்களும் தலைகளும் உடலிலிருந்து பிரிக்கப்பட்டது எதற்காக என்பது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: முழு உடல் பெட்டிக்குள் அடங்காது, கை அடங்கும். இந்த முறிவு சவக்குழியில் தானாக நேர்ந்ததன்று. வாங்குபவரின் வசதிக்காகச் செய்யப்பட்டது.

இதே பட்டியலின் பின்னட்டையில், 2018ஆம் ஆண்டின் தந்தச் சட்டப்படி யானைத் தந்தம் கலந்த பொருள்களை உரிய சான்றிதழ் இன்றி ஏற்பதில்லை என்ற தங்கள் அறிவிப்பு தடித்த எழுத்தில் இருக்கிறது. யானையின் கொம்புக்குச் சான்றிதழ் கேட்கும் நிறுவனம் மனிதனின் கைக்குக் கேட்கவில்லை.

நடந்தது நடந்துவிட்டது, இனி வாங்கினால் யாருக்கு என்ன கெடுதல் என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான் என்பதால் விரிவாகப் பதில் சொல்கிறேன். இறந்த உடலுக்கு விலை வந்துவிட்டால், அந்த விலை புதிய உடல்களைத் தேடிப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் பச்சை குத்திய முகங்களோடு பதப்படுத்திய தங்கள் முன்னோரின் தலைகளைப் போற்றிப் பாதுகாத்துவந்தார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அவற்றுக்குத் துப்பாக்கி தரத் தொடங்கிய பிறகு, விற்பதற்கென்றே அடிமைகளுக்கும் போர்க் கைதிகளுக்கும் பச்சை குத்திக் கொன்ற கொடுமை நடந்தது. 1831இல் சிட்னியிலிருந்த நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் பிரிட்டிஷ் ஆளுநர் டார்லிங் அந்தத் தலைகளின் வணிகத்தைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று.

அது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் காவல்துறை, மரப்பேழையும் பொன் முடியும் பண்டைய பாரசீகத்தில் வழங்கிய ஆப்பெழுத்துப் பொறித்த மார்புத் தகடுமாக ஒரு மம்மியைக் கைப்பற்றியது. 2,600 ஆண்டு பழமையான பாரசீக இளவரசி என்று சொல்லிக் கள்ளச் சந்தையில் அதற்கு 60 கோடிப் பாகிஸ்தான் ரூபாய் விலை கூறப்பட்டிருந்தது. எங்களுடையது என்று ஈரானும் உரிமை கோரியது. கராச்சி தேசிய அருங்காட்சியகத்தில் ஆராய்ந்தபோது மார்புத் தகட்டின் எழுத்தில் பிழைகள் தென்பட்டன. ஸ்கேனிலும் கால ஆய்விலும் உள்ளே இருந்தவர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இறந்த இளம்பெண் என்று தெரியவந்தது. அவருடைய கழுத்து முறிந்திருந்தது. கொலையாக இருக்கலாம் என்று விசாரணை தொடங்கியது. அவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. 2008இல் பாகிஸ்தானின் தொண்டு நிறுவனமான எதி அறக்கட்டளைதான் அவரை அடக்கம் செய்தது. பழங்கால உடலுக்கு வாங்குபவர் இல்லாதிருந்தால், பெயர் தெரியாத அந்தப் பெண்ணை இளவரசியாக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அருங்காட்சியகங்களில் இல்லையா என்ற தங்கள் மூன்றாவது சமாதானத்துக்குச் சுருக்கமான பதில் போதும். அவை இப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஒரு காலத்தில் விலை கொடுத்து வாங்கிய மாவோரித் தலைகளை 2014இல் திருப்பிக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து அகற்றியது. அங்குள்ள நாகா மக்களின் முன்னோர் எச்சங்களைப் பற்றி அம்மக்களோடு பேச்சு நடக்கிறது. பேசுவதற்கு அங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. தங்கள் நேரடி விற்பனையில் யாருடைய வரவேற்பறைக்கோ போய்விடும் கையை எந்த நாட்டுத் தூதரகம் எங்கே போய்க் கேட்கும்? ஏல நிறுவனங்களால் விலக்கிக்கொள்ள முடியாது என்பதும் இல்லை. 2024 அக்டோபரில் ஆக்ஸ்போர்டுஷையரில் கொம்பு பொருத்திய நாகா மண்டையோடு ஒன்று ஏலத்துக்கு வந்தபோது, நாகாலாந்து முதலமைச்சர் நெய்பியு ரியோ இந்திய வெளியுறவு அமைச்சருக்கு எழுதினார். நாகா அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த விற்பனை நின்றது. அந்த மண்டையோட்டுக்காகக் குரல் கொடுக்க ஒரு முதலமைச்சர் இருந்தார். தங்கள் பட்டியலில் உள்ள பெண்ணுக்கு வாரிசு என்று வர யாரும் இல்லாததைத் தாங்கள் வசதியாகக் கொள்ளக்கூடாது.

எனக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் எங்கள் முன்னோரை முதுமக்கள் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அந்தத் தாழிகளிலிருந்து ஒரு மண்டையோடு நாளை தங்கள் பட்டியலில் வராது என்பதற்குத் தங்கள் இப்போதைய விதிகளில் எந்த உத்தரவாதத்தையும் நான் காணவில்லை.

ஆகவே, அந்தக் கையின் நேரடி விற்பனையை உடனே நிறுத்தி, அதை ஒப்படைத்தவரின் இசைவோடு இலண்டனிலுள்ள எகிப்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே விற்றிருந்தால், விற்ற தேதியையும், விற்பதற்கு முன் பார்க்கப்பட்ட ஆவணங்கள் எவை என்பதையும் எழுத்தில் தரவேண்டும்; வாங்கியவரின் பெயரை நான் கேட்கவில்லை. தந்தத்துக்கு இருப்பது போன்ற ஒரு விதியை, எத்தனை ஆண்டு பழமையானாலும் மனித எச்சங்களை ஏற்பதில்லை என்று, தங்கள் விற்பனை நிபந்தனைகளில் சேர்க்க வேண்டும். அது சேரும்வரை தங்கள் ஏலம் எதிலும் நான் கலந்துகொள்வதாக இல்லை. எனவே நாணய ஏலத்துக்காக நான் கட்டிய முன்பணத்தைப் பிடித்தம் இன்றி என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புமாறு கோருகிறேன்.

பதிலை ஆயத்த மின்னஞ்சலாக அல்லாமல், பொறுப்பான அலுவலர் ஒருவரின் கையொப்பத்தோடு கடிதமாக அனுப்பவும். முப்பது நாளுக்குள் வராவிட்டால், இக்கடிதத்தின் நகலையும் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் எகிப்தியத் தொல்பொருள் துறைக்கு நானே அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: பட்டியல் பக்கத்தின் நகல், தங்கள் மின்னஞ்சல் பதிலின் நகல், முன்பணம் கட்டிய ரசீது.