என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்ட நம் தெருவுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். சங்கு குளிக்கப் போகும் என் வீட்டுக்காரருக்கு மதுரையில் மூக்கு ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். வளைந்திருந்த மூக்குத்தண்டைச் சரிசெய்து, சைனஸ் அடைப்பையும் எடுத்தார்கள். டாக்டருக்கும் நர்சுகளுக்கும் அங்கேயே கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தோம். இது, வீட்டுக்கு வந்த பிறகு கூட இருந்தவர்களுக்கு.

முதலில் கரிமூட்டம் போடும் அண்ணன். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, பற்ற வைக்கத் தயாராக வைத்திருந்தீர்கள். மூட்டத்தில் ஒருமுறை தீ வைத்தால் நாள்கணக்கில் புகையும். சோழகக் காற்று அடித்தால் அத்தனை புகையும் எங்கள் வாசலுக்குத்தான் வரும். மூக்குக்குள் புண் பச்சையாக இருக்கும்போது புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது, உங்கள் பிழைப்பல்லவா? யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நீங்களே வந்து, "எத்தனை நாளைக்குப் புகை ஆகாதாம்?" என்று கேட்டீர்கள். "கிடக்கட்டும், விறகு இன்னும் நல்லாக் காயும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள். விறகு கிடந்தால் பணம் முடங்கிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? சொந்த அண்ணன்கூட இதைச் செய்வாரா என்று சந்தேகம்தான். (என் அண்ணன் இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம், நீங்கள்தான் காரை மெதுவாக ஓட்டி எங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்.)

அப்புறம் அவருடைய கூட்டாளிகள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்கவும் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும். டாக்டர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். முங்கி எழுந்தவுடன் மூக்கைச் சிந்தியே பழகிய ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! தூக்கக் கலக்கத்தில்கூடக் கை மூக்குக்குப் போகும். நீங்கள் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கை மேலே போகும்போதெல்லாம் தட்டிவிட்டீர்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை, குனிந்து செருப்பை எடுக்கக்கூட விடவில்லை. பாரம் தூக்கினாலோ குனிந்தாலோ தலைக்கு ரத்தம் ஏறி மறுபடி கசியும் என்று பயம். அவர் உங்களைத் திட்டிய திட்டுக்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா, நீங்கள் பொடி டப்பாவைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, கையையும் கழுவிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தேன்.

எதிர்வீட்டு லாத்தாவுக்கு என்ன சொல்ல? சூடாகவும் காரமாகவும் எதுவும் ஆகாது, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மெல்லவும் முடியாது. நோன்புக் கஞ்சி பக்குவத்தில் குழைய வைத்து, மிளகாயை விட்டுவிட்டு, ஆறவைத்துத் தூக்குச்சட்டியில் அனுப்பினீர்கள். வாசனையே தெரியாத மனிதர் அதை ருசித்துச் சாப்பிட்டார். என் மாமியார் பால் சுறாப் புட்டு செய்தார். "அது பிள்ளை பெத்தவளுக்குத் தர்றது அத்தை" என்றேன். "அவளுக்கு ஆவும், இவனுக்கு ஆவாதா?" என்று கேட்டார். சரி, அதையும் சாப்பிட்டார்.

மூக்கு கழுவுவதில்தான் ஊரே டாக்டர் ஆனது. "கடல்லயே கிடந்த மூக்கு, கொஞ்சம் கடல் தண்ணிய மொண்டு ஊத்துங்க" என்று சொன்னவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். கழுவுகிற தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம். பச்சைப் புண்ணில் பட்டால் எரியும், அதில் கிருமியும் இருக்கும். குழாய்த் தண்ணீரையும் அப்படியே ஊற்றக் கூடாது, கொதிக்க வைத்து ஆறவைக்க வேண்டும். கேன் தண்ணீர் தட்டுப்பாடான நாளில் உங்கள் வீட்டுக் கேனைத் தூக்கிவந்து இறக்கிய தம்பிக்கு நன்றி. ஐஸ் கம்பெனியில் காசு வாங்காமல் ஐஸ் உடைத்துக் கொடுத்தவர்களுக்கும். பையில் போட்டு நெற்றியிலும் கன்னத்திலும் ஒற்றி ஒற்றித்தான் வீக்கம் குறைந்தது. டாக்டர் எழுதாத வலி மாத்திரையைக் கேட்டபோது, "ரத்தம் கசியும்க்கா, கேட்டுட்டு வாங்க" என்று தர மறுத்த மருந்துக்கடைப் பையனுக்கும்.

ஓர் இரவு ரத்தம் வந்தது. கட்டுத் துணியில் லேசாக நனைவது சகஜம் என்று சொல்லியிருந்தார்கள், இது சொட்டியது. மாமியார் தலையை அண்ணாந்து படுக்க வைக்கப் பார்த்தார். நான் நம் தெரு நர்ஸ் தங்கச்சிக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கமே இல்லாமல், "உட்கார வைங்க, முன்னால சாய்க்கணும், மூக்கோட மெத்தென்ற பாகத்த மெதுவாப் பிடிச்சுக்கிட்டு வாயால மூச்சு விடச் சொல்லுங்க, வர்ற ரத்தத்த முழுங்காமத் துப்பச் சொல்லுங்க" என்றாய். 10 நிமிடம் விடாமல் பிடிக்கச் சொன்னாய், நிற்காவிட்டால் 108ஐக் கூப்பிடு என்றாய். நீ வந்து சேர்வதற்குள் நின்றுவிட்டது. விடிந்ததும் டாக்டரிடமும் நீயே பேசினாய். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கண் மங்கல், மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீராக ஒழுகுதல் இதில் எது வந்தாலும் காத்திருக்காதே என்று நீ எழுதிக் கொடுத்த தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தர வந்தபோதெல்லாம் என் வீட்டுக்காரருக்கும் பிபி பார்த்தார்கள். பிபி ஏறினாலும் ரத்தம் வருமாம்.

கடைசியாக, அவருடைய படகு முதலாளியான சம்மாட்டி. 10 மீட்டர் ஆழத்துக்குப் போனாலே அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு. சைனஸ் அடைத்திருப்பவன் முங்கினால் நெற்றி பிளக்கும், மூக்கில் ரத்தம் வரும். இத்தனை வருடம் அவர் அதை மறைத்துக்கொண்டு போனதைக் கண்டுபிடித்து, ஆபரேஷனுக்கு அனுப்பியதே நீங்கள்தான். முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபரேஷனில் மூக்குக்குள் வைத்த தகட்டை எடுத்தாயிற்று, மூச்சு இரண்டு பக்கமும் நன்றாக வருகிறது. ஆனால் டாக்டர் கேமரா விட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அவர் முங்கமாட்டார். உங்களிடம் வந்து, "எனக்கு எல்லாம் சரியாப் போச்சு" என்று சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள், எனக்குப் போன் போடுங்கள்.

சித்தப்பா, தலையை உயர்த்திப் படுக்க நீங்கள் தந்த சாய்வு நாற்காலியை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். துணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன்.