வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

நீலகிரியில் கார் ஆடியோ பொருத்தும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். அப்பாவின் 1967 ஃபியட் 1100 டிலைட்டில் ப்ளூடூத் பாட்டு கேட்க வசதி செய்யச் சொல்லிக் குன்னூரில் ஒரு கடையில் விட்டிருந்தேன். மாலையில் போனால் டேஷ்போர்டில் பெரிய ஓட்டை, அதில் நீல விளக்கு மின்னும் செட். "இப்ப வர்ற செட்டுக்கு இதுதான் சார் சைஸ்" என்றார் கடைப் பையன்.

அளவு சரிதான், 180க்கு 50 மில்லிமீட்டர். ஆனால் அந்த டேஷ்போர்டு பிளாஸ்டிக் அல்ல, வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த தகடு. மாற்ற நினைத்தால் எங்கே போவது? இதன் வழியில் பிறகு வந்த பிரீமியர் பத்மினி கார் தயாரிப்பே 2000 வாக்கில் நின்றுவிட்டது. கோவை வரை பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். கிடைத்தவையெல்லாம் ஏற்கெனவே யாரோ வெட்டியவை. அப்பா இன்னும் அந்த வண்டியில் ஏறவில்லை.

வெட்டுவதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கலாமே?

புதுப் பாட்டுக் கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ரேடியோவின் கூட்டுக்குள்ளேயே புது போர்டு வைக்கலாம். கிளவ்பாக்ஸுக்குள் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பின்சீட்டுக்குப் பின்னால் தனிப் பெட்டியில் ஸ்பீக்கர் போதும். கதவை வெட்டி வைத்தால் கண்ணாடி வழியே இறங்கும் மழையில் நனைந்துபோகும். நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியாததா?

பெரிய ஆம்பும் வேண்டாம். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் ஓடினாலே 22 ஆம்பியர்தான் தரும். 300 வாட் ஆம்ப் முழுச் சத்தத்தில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சீசனில் பர்லியாறு பக்கம் பனிமூட்டத்தில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு வண்டி ஊர்ந்தால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்த மலையில் பழையது எதைக் கண்டாலும் கை அரிக்கிறது. பங்களாவை இடித்து ரிசார்ட், மரத்தை வெட்டி பார்க்கிங். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மலைரயிலை மட்டும் பெருமையாகக் காட்டுகிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: பழைய வண்டி வந்தால், எங்கே வெட்டப் போகிறீர்கள் என்பதைப் பில்லில் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் வேண்டாமென்றால் வெட்டாதீர்கள். செட்டை இணைக்கும் முன் எர்த்தையும், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்பதையும், பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். அதைக் கவனிக்காமல் கொடுத்தால் செட் எரிந்துவிடும். தயவுசெய்து இவ்வளவு மட்டும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு ஃபியட்காரன்