சொத்தைப் பல்லும் சோம்பேறிப் பெற்றோரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பல் பராமரிப்புக் கட்டுரையில், ‘பிள்ளைகளின் பல் சொத்தையாவதற்குப் பெற்றோரின் சோம்பலே காரணம்’ என்று ஒரு வரி. எழுதியவர் வாழ்க. என் மகள் இரண்டு வேளையும் என் கண் முன்னால் பல் துலக்குபவள். ஏழு வயதில் அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. இதை யாருடைய சோம்பல் கணக்கில் எழுதுவது?

ஆறு வயது வாக்கில், பால் பல் எதுவும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் முளைக்கிற பல் அது. பால் பல் என்றே பலரும் நினைக்கிறார்கள்; ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். அதன் மேல்பக்கத்துப் பள்ளங்களுக்குள் பிரஷ் நார் நுழையாது. எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அந்தப் பள்ளங்களை சீலண்ட் என்கிற மெல்லிய பூச்சைப் பூசி அடைத்துவிடலாம். ஊசி கிடையாது, பல்லைக் குடைவதும் கிடையாது. சுத்தம் செய்து, ஒரு ஜெல் தடவிக் கழுவி, காயவைத்துப் பூசுகிறார்கள். நீல ஒளி காட்டினால் இறுகிவிடும். கடைவாய்ப் பல் சொத்தையில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டுகளுக்கு இது தடுக்கும் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம். தங்களுக்குத் தெரியாததா? அரைப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடமில்லை. கீழே மீதி அரைப்பக்கம் சாக்லேட் விளம்பரம்.

“முன்னாடியே வந்திருந்தா சீலண்ட் போட்டிருக்கலாமே” என்றார் பல் மருத்துவர். வரச் சொல்லி யார் சொன்னார்கள்? பள்ளியில் முகாம் நடத்தினார்கள். குட்டிப் பற்பசை ஒன்று, பல் துலக்கும் பாட்டு, கைதட்டல், போட்டோ. போட்டோ தங்கள் பத்திரிகையிலும் வந்தது. அப்புறம் அதே பள்ளியில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வகுப்பு முழுக்க ஒட்டுமிட்டாய். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் பரிசோதிக்கவேண்டிய 30 குறைகளில் பல் சொத்தையும் உண்டு. வந்த பிறகு கண்டுபிடிக்கலாம், சரி. வராமல் தடுக்கும் பொறுப்பு சோம்பேறிகளான எங்களுடையது போலும்.

போன வருடம் கேள்வி-பதில் பகுதியில் ‘பால் பல்தானே, விழுந்துவிடும்’ என்று ஒரு பதில் வந்தபோதும் எழுதினேன். கடிதம் வெளியாகவில்லை.

இப்போது கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: 6 வயதிலும் 12 வயதிலும் கடைவாய்ப் பல் முளைத்ததும் மருத்துவரிடம் காட்டி, சீலண்ட் தேவையா என்று கேளுங்கள். இவ்வளவுதான். விளம்பரம் போக இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு