ஷூ கொடுத்த அந்த மகளுக்கு நன்றி

போன ஞாயிறு பெங்களூரில் நடந்த சிறுவர் சுவரேற்றப் போட்டிக்கு, ஓசூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து மகளைக் கூட்டிப்போயிருந்தேன். லீட் பிரிவு, அதாவது இடுப்பில் கட்டிய கயிற்றை வழியிலுள்ள கொக்கிகளில் மாட்டிக்கொண்டே உயரமான சுவரில் ஏறுவது. முன்னால் ஏறுகிறவர்களைப் பார்த்து வழி தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால், முறை வரும்வரை பிள்ளைகளைத் தனி அறையில் வைத்துவிடுவார்கள். போன் கூடாது, பெற்றோரும் உள்ளே போக முடியாது.

அந்த அறையில் அவளுடைய வலது ஷூவின் முன்பக்க ரப்பர் பிளந்துவிட்டது. இது சாதாரண ஷூ இல்லை. விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். கட்டைவிரல் நுனியைச் சின்னப் பிடியில் ஊன்றித்தான் உடம்பையே மேலே தள்ள வேண்டும். அந்த நுனி போனால் எல்லாம் போச்சு.

நீதான் அம்மா, பையிலிருந்து உன் பழைய ஷூவை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அரை சைஸ் பெரிது. உன் சாக்ஸையே அவளுக்கு மாட்டி, பட்டையை இழுத்து ஒட்டி, சுவரில் உதைத்துப் பார்க்கச் சொன்னாயாம். அப்புறம் விரல்களுக்கு டேப்பும் சுற்றிவிட்டிருக்கிறாய். இத்தனைக்கும் அதே பிரிவில் அவளோடு மோதுகிறவள் நீ.

6 நிமிடத்தில் முக்கால் சுவர் ஏறினாள். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை, பரவாயில்லை. கீழே வந்து கயிற்றைக்கூட அவிழ்க்காமல், "இது அந்த அக்கா ஷூப்பா" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஷூவைத் திருப்பிக் கொடுத்த அவசரத்தில் உன் பேரைக் கேட்க விட்டுவிட்டோம். ரொம்ப நன்றி அம்மா. சாக்ஸைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த போட்டிக்குக் கொண்டுவருகிறோம்.