அம்மாவை அழைத்துக்கொண்டு வா

அமிர்தசரஸ்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள முருகேசா,

நலம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பொற்கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அம்மா தாமாகவே கேட்டார் என்று எழுதியிருந்த வரியைக் கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அன்றைக்கே மாடி அறையை ஒழிக்கத் தொடங்கிவிட்டாள்.

அம்மாவுக்கு வடக்கத்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, பெரிய ஓட்டலாகப் பார்த்து அறை போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அறையே வேண்டாம், நம் வீடு இருக்கிறது. சாப்பாட்டுக்கும் கவலைப்படாதே. இந்த ஊரின் நல்ல சாப்பாடு பெரிய ஓட்டல்களில் இல்லை, சந்துகளில் இருக்கிறது. மூன்று வருடம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

காலையில் குல்சா. எங்கள் தெருமுனைக் கடையில் ஆறு பெஞ்சுகள்தான். மைதா மாவை நெய் தடவித் தடவி மடித்து உருட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் மசித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, உலர்ந்த மாதுளை முத்து. கடைக்காரர் கையை நீரில் நனைத்து, மாவைத் தட்டி, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஓர் அறை அறைவார். கொஞ்ச நேரத்தில் இரும்புக் கம்பியால் எடுத்து, மேலே வெண்ணெய் வைத்து, இரண்டு கைகளாலும் நொறுக்கித் தட்டில் போடுவார். அந்த நொறுங்கும் சத்தத்துக்காகவே நான் அடுப்போரம் நிற்பேன். கூடவே கொண்டைக்கடலைக் குழம்பும், வெங்காயம் மிதக்கும் புளிச் சட்னியும். புளியைக் கண்டதும் அம்மாவின் முகம் மலரும், பார். நானும் கோமதியும் வயிறு நிறையச் சாப்பிட்டு இருநூறு ரூபாய்க்குமேல் கொடுத்ததில்லை. அம்மாவுக்கு ஒன்றில் பாதி போதும், அவ்வளவு வெண்ணெய்.

மதியம் கேசர் தா டாபா. 1916-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷேக்குபுராவில் தொடங்கிய கடை. 1947-இல் பிரிவினையோடு இங்கே வந்து சேர்ந்தது. ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் அடுப்பை மட்டும் விடவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கறுப்பு உளுந்துப் பருப்பைச் சிறு தீயில் பன்னிரண்டு மணி நேரம் வேகவிடுகிறார்கள். சுத்த சைவம். கார் நுழையாத சந்து. அம்மாவை ரிக்‌ஷாவில் அழைத்துப் போகலாம். டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் பராவான் தா டாபாவும் சைவம்தான், அதுவும் பழைய கடை. மூன்று வேளையும் ரொட்டியா என்று அம்மா கேட்டால், கடி சாவல் இருக்கிறது என்று சொல். நம் மோர்க்குழம்பேதான், தேங்காய்க்குப் பதில் கடலை மாவு, வடைக்குப் பதில் பக்கோடா. சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடட்டும்.

கோயிலில் எல்லோருக்கும் போடும் அன்னதானமான லங்கரைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரவு பகல் பாராமல் நாள்தோறும் 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள், ஒரு பைசா கிடையாது. தலையை மூடிக்கொண்டு தட்டை வாங்கி, பாயில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியைப் பர்ஷாதா என்கிறார்கள், பிரசாதம். இரண்டு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். முதல் நாள் நான் வழக்கப்படி தட்டை நீட்டினேன். பரிமாறியவர் புன்னகையோடு தம் கைகளைக் குவித்துக் காட்டினார். அன்று ஏந்திய கைகளின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவால் தரையில் உட்கார முடியாதே என்று யோசிக்காதே. போன மாதம் முழங்கால் மடங்காத ஒரு பாட்டிக்குத் தொண்டர் ஒருவர் ஓடிப்போய் முக்காலி கொண்டுவந்து போட்டதை நானே பார்த்தேன். சாப்பிட்ட பிறகு பூண்டு உரிக்கும் இடத்தில் சற்று நேரம் அம்மாவை உட்கார வைப்போம். பாஷை தெரியாவிட்டால் என்ன, பூண்டு உரிக்கத் தெரியுமே.

உனக்கென்று ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறேன். ஓமமும் கடலை மாவும் புரட்டிப் பொரிக்கும் மீன். அம்மாவைக் கோமதியிடம் விட்டுவிட்டு நாம் இருவரும் போய்வருவோம்.

டிசம்பர் கடைசியில் வராதே. மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி பின்பாதி நல்லது. குளிர் இதமாக இருக்கும், கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் அப்போதும் கிடைக்கும். டிக்கெட் எடுத்ததும் எழுது.

கல்லூரி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்கள் வீட்டில் சாப்பிட்டவன் நான். ஒரு நாள்கூட அம்மா எனக்கு முன்னால் உனக்குப் பரிமாறியதில்லை. அவரை உட்காரவைத்துச் சாப்பாடு வாங்கித்தர எனக்கு இந்த ஊர் கிடைத்திருக்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். இங்கே வடி என்று விற்கிறார்கள். உளுந்தை மிளகு, மல்லி சேர்த்து அரைத்து, உருண்டையாகக் கிள்ளி வெயிலில் காயவைத்தது. அந்தக் கடைப் பெரியவரிடம் அம்மா போடும் சின்ன வெங்காய வடகத்தைப் பற்றிச் சொன்னேன். வெங்காயத்தையா காயவைக்கிறீர்கள் என்று நம்பாமல் கேட்டார். வரும்போது ஒரு டப்பா எடுத்துவா. அம்மாவே தம் கையால் அவருக்குக் கொடுக்கட்டும்.

உன்,
சிவராமன்