தோட்டாப் பெட்டியின் லேபிளில் இருப்பது என்ன?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய தோட்டாப் பெட்டிகளைத் தேடிக் காரைக்குடிக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். பர்மா, மலேயாச் சாமான்களோடு வீட்டுப் பரணில் கிடந்த காலிப் பெட்டிகள் இவை. கைனாக் என்ற பிரிட்டிஷ் தோட்டா நிறுவனத்தின் சிவப்பும் மஞ்சளுமான லேபிளைப் பார்த்ததும் பெரும்பாலோர் கேட்பது இதுதான்: "ஒன்றில் சாலிட் என்று இருக்கிறது, இன்னொன்றில் சாஃப்ட் நோஸ். எதற்குச் சக்தி அதிகம்?" கடையில் நின்றுகொண்டே பதில் சொன்னால் பாதி விட்டுப் போகிறது. அதனால்தான் இந்த மடல்.

சக்தி இரண்டுக்கும் ஒன்றுதான். லண்டன் துப்பாக்கி நிறுவனமான ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 ரகத்தையே பாருங்கள் (.375 என்பது அங்குலத்தில் குண்டின் குறுக்களவு). அதில் 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டு சாலிடாகவும் வந்தது, சாஃப்ட் நோஸாகவும் வந்தது. துப்பாக்கியும் எடையும் அதேதான். மாறுவது குண்டின் மூக்கு மட்டும்.

சாலிடில் உள்ளே ஈயம், வெளியே மூக்கையும் சேர்த்து மூடிய கெட்டியான உலோக உறை. எலும்பில் பட்டாலும் உருவம் மாறாமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று செய்தது அது. யானையின் மூளைக்கு முன்னால் காற்றறைகள் நிறைந்த தடித்த மண்டையோடு இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் குண்டு நசுங்கவே கூடாது.

சாஃப்ட் நோஸில் நுனி ஈயம் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். சதைக்குள் நுழைந்ததும் அந்த நுனி காளான் குடைபோல விரிந்துவிடும். 8 மில்லிமீட்டர் குண்டு 16 ஆக விரிந்தால் குறுக்களவு இரண்டு மடங்கு. ஆனால் முகப்பின் பரப்பு நான்கு மடங்கு. சதை அதைச் சீக்கிரமே நிறுத்திவிடும். ஆழம் குறையும், காயம் அகலமாகும், வேகம் முழுவதும் உடம்புக்குள்ளேயே தீர்ந்துவிடும். புலி, மான், பன்றிக்கு இதுதான். சில பெட்டிகளில் 'ஸ்ப்ளிட்' என்றும் பார்க்கலாம். உறையில் கீறல் விட்டு இன்னும் சுலபமாக விரியச் செய்தது.

இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மான்மேல் சாலிடைச் சுட்டால் ஒரு சின்னத் துளையாக உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்துவிடும். ரத்தம் அதிகம் சிந்தாது. மான் புதருக்குள் ஓடி, எங்கேயோ கிடந்து மெல்லச் சாகும். காட்டெருமையின் தோள் எலும்பில் மிருதுவான குண்டு பட்டால் மேலேயே சிதறிவிடும்; நுரையீரல் வரை போகாது. அந்த மிருகமும் நாள்கணக்கில் வதைபடும். இந்த வதை நடக்கக் கூடாது என்பதால்தான் லேபிளில் அவ்வளவு கவனமாக எழுதினார்கள்.

பெரிய துளைத் துப்பாக்கிதான் பெரிய மிருகத்துக்கு என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்ற யானை வேட்டைக்காரர் தாம் சுட்ட யானைகளில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால்தான் சுட்டார். 173 கிரெயின் சாலிட். ஒடுங்கி, நீண்டு, கனமாக இருக்கும் குண்டு ஆழமாகப் போகும். அப்புறம், அவர் மூளை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்து சுட்டவர். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விரிவதும் ஆழமும் ஒரே குண்டில் கிடைக்காதா? அமெரிக்காவில் ஜான் நாஸ்லர் 1946-இல், சேறு அப்பிய மூஸ் மான்மேல் குண்டு உள்ளே இறங்காததைப் பார்த்து இதை யோசித்தார். குண்டின் நடுவே உலோகத் தடுப்பு ஒன்றை வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி கட்டுக்கோப்பாக உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

டம்டம் தோட்டாவைப் பற்றியும் கேட்கிறீர்கள். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 ரைஃபிள் குண்டின் நுனி ஈயத்தைத் திறந்து விட்டுச் செய்தது அது. விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-இல் ஹேக் மாநாட்டில் தீர்மானித்தார்கள். வேட்டையில் நேர்மாறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 மான் சட்டப்படி, மானை ரைஃபிளால் சுட்டால் விரியும் குண்டாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் பழைய கதை. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் விருப்பம். எங்களிடம் காலிப் பெட்டி, லேபிள், பழைய விலைப்பட்டியல் மட்டுமே கிடைக்கும். மான் கொம்பு, மிருகத் தலை, தோல் எதையும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. பரணில் வெடிக்காத தோட்டா கிடைத்தால் கடைக்குக் கொண்டு வராதீர்கள். பிரிக்கவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம். எவ்வளவு பழசானாலும் வெடிக்கலாம். உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் ஆயுதச் சட்டப்படி குற்றம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

லேபிளில் உள்ள எழுத்து புரியவில்லை என்றால் பெட்டியைப் படமெடுத்து அனுப்பலாம். படித்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்
காரைக்குடி