பெட்டியத் திறந்துட்டேன் செல்வி

அடியே செல்வி,

திட்டாத. திட்டுறதா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டு. உன் வாய்ஸ் மெசேஜ் வந்து அஞ்சு மாசம் ஆச்சு, பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டுன்னு காட்டுச்சு, அந்த நீளத்தப் பாத்தே பயந்துபோயி சாயங்காலம் கேக்கலாம், ஞாயித்துக்கிழம கேக்கலாம்னு தள்ளி, அப்புறம் இவ்ளோ நாள் கேக்கலயேன்னு வெக்கமாயி, அந்த வெக்கத்துலயே இன்னும் கேக்காம... பல்லி சேகரோட டியூஷன் பீஸ் மாதிரியே ஆயிருச்சு. போன சனிக்கிழமதான் கேட்டேன். ஒரு பஸ் ஸ்டாப்ல, மழைல, குடை இல்லாம. அதச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். இவருக்கு அதே ஆபீஸ், பாப்பா கியோட்டோ பாஷைல என்னையே அதட்டுறா, எனக்கு அதே முட்டி வலி. போதும்.

இனேன்னு ஒரு ஊர். மீன்பிடி கிராமம். பேருக்கு அதுவும் கியோட்டோதான், ஆனா நாங்க இருக்கற சிட்டிலேர்ந்து ரெண்டு மணி நேரம் ட்ரெயின், அப்புறம் ஒரு மணி நேரம் பஸ், நேரா வடக்க போயி ஜப்பான் கடல்ல முட்டணும். இவரு 'பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ எங்கயாச்சும் போயிட்டு வா, மூஞ்சி சரியில்ல'ன்னாரு. மறுபேச்சு பேசாம கிளம்பிட்டேன். அந்தப் பக்கத்து ஆளுங்க 'சோத்துப் பொட்டலத்த மறந்தாலும் மற, குடைய மறக்காத'ன்னு சொல்லுவாங்களாம், குளிர்காலத்துல அப்பிடி ஒரு வானம். நான் சோத்துப் பொட்டலத்த மறக்கல. தக்காளி சாதம், அப்பளம். குடைய மட்டும் கரெக்டா மறந்துட்டேன்.

ட்ரெயின் இறங்குற எடம் அமானோஹாஷிதாத்தே. ஜப்பான்லயே மூணு அழகான காட்சின்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, அதுல ஒண்ணு. கடலுக்குக் குறுக்க 3.6 கிலோமீட்டருக்கு ஒரு மணல் திட்டு, முழுக்கப் பைன் மரம். மலை மேல ஏறி நின்னு, திரும்பிக் குனிஞ்சு, ரெண்டு காலுக்கு நடுவுல தலைய விட்டுப் பாக்கணும், அப்பத்தான் சொர்க்கத்துக்குப் போற பாலம் மாதிரி தெரியுமாம். கோட்டு சூட்டு போட்ட ஆம்பளைங்க எல்லாம் வரிசைல நின்னு குனியறாங்கடி. நானும் குனிஞ்சேன். பாலம் தெரிஞ்சுதான்னு கேக்காத, நிமிரறதுக்கே ரெண்டு நிமிஷம் ஆச்சு, தாமரை மிஸ் போட்ட தோப்புக்கரணம்தான் ஞாபகம் வந்துச்சு.

சரி, இனே. பஸ் ஒரு வளைவுல திரும்புனதும் கடல் தெரியுது, நான் ஏரின்னே நெனச்சேன். அலையே இல்ல. ஒரு சின்ன வளைகுடா, சுத்தி நடந்தா 5 கிலோமீட்டர் இருக்கும், அந்தக் கரை முழுக்க ஒட்டி ஒட்டி மர வீடுங்க, 230 கிட்ட இருக்காம், ஒவ்வொண்ணோட கால்மாடும் தண்ணிக்குள்ள. கீழ்த்தளத்துல கதவே இல்ல, கடல் நேரா வீட்டுக்குள்ள வருது, படகு உள்ள நிக்குது. ஃபுனாயான்னு பேரு, படகு வீடு. 2005ல அரசாங்கமே பாதுகாக்க வேண்டிய ஊர்னு அறிவிச்சுருக்கு, மீன்பிடி கிராமத்துல அதுதான் முதல்ல.

பாத்ததும் எனக்கு என்ன தோணிருக்கும்னு உனக்குத் தெரியும். எல்லாரும் 'கவாயீ', அழகு அழகுன்னு போட்டோ எடுக்கறாங்க, எனக்கு வயித்தக் கலக்குது. எவன்டா இவன், கடலுக்குள்ளயே வீட்டக் கட்டி வச்சிருக்கான்னு.

டூரிஸ்ட் போட்டுல ஒரு ரவுண்டு போனேன், அரை மணி நேரம்கூட இல்ல. எறா சிப்ஸ் விக்கறாங்க, கடற்புறாவுக்குப் போடறதுக்கு. தூக்கிப் போட்டா காத்துலயே கவ்விட்டுப் போகுது. நடுவுல ஒரு பருந்து வந்து என் கைலேர்ந்தே பிடுங்கிட்டுப் போச்சு, நான் போட்ட சத்தத்துல ஒரு பாட்டி தமிழ்லயே பயந்துட்டாங்க. வளைகுடா வாயில கதவு போட்ட மாதிரி அயோஷிமான்னு ஒரு தீவு, முழுக்கக் காடு, ஆளுங்கள விடமாட்டாங்க. முன்னாடி திமிங்கலம் உள்ள வந்தா அந்தத் தீவுக்குப் பக்கத்துல வலை போட்டு வாய அடச்சுப் பிடிப்பாங்களாம். பிடிச்சத சாப்பிட்டுட்டு, அதே தீவுல அதுக்குக் கல்லறையும் கட்டிருக்காங்க. உங்கப்பா திமிங்கலச் சுறாவ வலையிலேர்ந்து அறுத்து விட்டுட்டு வீட்ல வந்து ஒரு வாரம் பேசாம இருந்தாரே, அத நெனச்சுக்கிட்டேன்.

இறங்கி ரோட்டோட நடந்தேன். 'அனுமதி இல்லாம உள்ள வராதீங்க'ன்னு அங்கங்க எழுதி வச்சிருக்கு, டூரிஸ்டுங்க ஏதோ எக்ஸிபிஷன் மாதிரி எவன் வீட்டுக்குள்ளயும் பூந்துருதுங்க போல. நான் ஒழுங்கா வெளியவே நின்னேன். ஒரு தாத்தா கம்பிக்கூட்ட சரிபண்ணிட்டு இருந்தாரு, நான் உத்து உத்துப் பாக்கறதப் பாத்துட்டு அவரே கூப்பிட்டாரு. எந்த ஊர்னு கேட்டாரு. இந்தியா, எங்க ஊரும் மீன் ஊர்தான்னேன். மூஞ்சி மாறிருச்சு, உக்கார ஒரு பொட்டிய நகத்திப் போட்டாரு.

உள்ள எப்பிடி இருந்துச்சு தெரியுமா? தரை சரிவா தண்ணிக்குள்ள எறங்குது, படக இழுத்து ஏத்த. தண்ணி தொடற எடத்துல பச்சையா பாசி ஒரு கோடு போட்டிருக்கு, அந்தக் கோடு என் ஒரு முழம் அகலம், அவ்ளோதான். அந்தக் கடல்ல வருஷம் பூரா பாத்தாலும் ஏத்தவத்தம் 50 சென்டிமீட்டர்தான் இருக்குமாம். வளைகுடா தெக்கப் பாத்துருக்கு, வடக்கேர்ந்து வர்ற குளிர்கால அலைய மலை தடுத்துருது, மிச்சத்த அந்தத் தீவு பாத்துக்குது. தாத்தா சரிபண்ணிட்டு இருந்த கம்பிக்கூட்டுக்கு மோன்தோரின்னு பேரு. மீன் தலை, கழிவு எல்லாத்தையும் உள்ள போட்டு ராத்திரி வாசல்லயே எறக்கி விட்டுட்டு, காலைல எழுந்து தூக்குனா அன்னிக்குக் கொழம்புக்கு ஆச்சு. ஃப்ரிட்ஜ் மாதிரின்னாரு. உங்கம்மா கேட்டா மயக்கம் போட்டுருவாங்க.

அப்புறம் வாயடக்க முடியாம கேட்டுட்டேன். 'சுனாமி வந்தா?'

அது அவங்க வார்த்தைதான செல்வி. ட்சுன்னா துறை, நாமின்னா அலை. பதினோரு வருஷமா இங்க இருக்கேன், டிவில எத்தனையோ தடவ கேட்டுருக்கேன், ஆனா அவரு திருப்பி 'ட்சுனாமி காஆ...'ன்னு இழுத்தப்ப முதுகுல சில்லுன்னுச்சு. நமக்கு அந்த ஞாயித்துக்கிழம காலைல அப்பிடி ஒரு வார்த்தையே தெரியாது. 'கடல் உள்ள வந்துருச்சு'ன்னுதான கத்துனோம். சாயங்காலம் ரேடியோல சொல்லித்தான் நமக்கு நடந்ததுக்கு ஒரு பேரு இருக்குன்னே தெரிஞ்சுது.

2024 ஜனவரி 1ம் தேதி இதே கடலோரத்துல இருக்கற நோட்டோல பூகம்பம் வந்தப்ப இங்கயும் எச்சரிக்கை வந்துச்சு, எல்லாரும் மேல ஏறிட்டோம், பெருசா ஒண்ணும் வரலன்னாரு. சொல்லிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கைய காட்டுனாரு. மலையடில ஒரு ஓட்டு வீடு. 'நாங்க தூங்குறது அங்க'ன்னாரு.

எனக்கு ஒரு நிமிஷம் ஓடல. போட்டோல பாக்கறப்ப எல்லாம் சனங்க கடல் மேல குடியிருக்கற மாதிரிதான தெரியுது? இல்லடி. ஃபுனாயா படகுக்கு. மேல பரண்ல வலை காயும், சாமான் கெடக்கும். குடும்பம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இப்பத்தான் அந்த மாடிய ரூம் ஆக்கி டூரிஸ்டுக்கு விடறாங்க, ஏன்னா இப்ப வர்ற ஃபைபர் போட்டெல்லாம் பெருசு, உள்ள நொழையாது, வெளியவே கட்டிருக்கு. அவரு மகன் ஒசாகால. ஊர்ல மொத்தமே சுமாரா 2,000 பேர்தானாம்.

அந்த யோசனைலயே நடந்து, கடலோரமா 1754லேர்ந்து இருக்கற ஒரு சாராயக் கடைல (பொம்பளைதான்டி தலைமைக் காய்ச்சுக்காரர், செவப்பரிசில ரோஸ் கலர்ல காய்ச்சறாங்க) இவருக்கு ஒரு பாட்டில் வாங்கி, வெளிய வந்தா பஸ் என் கண்ணு முன்னாடி போகுது. வேளாங்கண்ணி பஸ் மாதிரியேதான். ஆமா, நான்தான். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். மழை புடிச்சுக்கிச்சு.

அந்த ஊர்ல உராஷிமா தாரோன்னு ஒரு மீனவனுக்குக் கோயில் இருக்கு. கடலுக்கடில அரண்மனைக்குப் போயி மூணு வருஷம் சொகமா இருந்துட்டுத் திரும்பி வந்தா கரைல 300 வருஷம் ஓடிருக்கும், ஒருத்தரும் இல்ல, திறக்காதன்னு குடுத்த பெட்டியத் திறக்கறான், அங்கயே கிழவனாயிடறான். பஸ் ஸ்டாப்ல அதோட படம் போட்ட நோட்டீஸ் ஒண்ணு. அதப் பாத்ததும்தான் போன எடுத்து உன் மெசேஜத் திறந்தேன். கிழவி ஆவல. அழுதேன், அதுவும் மழைல தெரியல.

உங்கம்மாவ நீ திட்டறது எனக்குப் புரியுது. சுனாமி குவார்ட்டர்ஸ் குடுத்தாச்சு, கரண்டு தண்ணி இருக்கு, கடலோர வீடு பாதி சுவரா நிக்குது, அங்கயே போயிப் படுக்கறேன்னு அடம் பிடிச்சா யாருக்குத்தான் கோவம் வராது. அண்ணன் 'பைத்தியம்'னு சொன்னதும் தப்புதான், ஆனா அவன் பயமும் பயம்தான், அவன் புள்ளையத் தேடுன ஆளு. ஆனா நீ சொன்னத ரெண்டாந்தரம் கேட்டுப் பாத்தேன். 'இங்க மாடில மீன எங்கடி காயப்போடறது, ஷேர் ஆட்டோல கூடைய ஏத்துனா எறக்கி விடறான், நாத்தம்ங்கறான்'னு அம்மா சொன்னதா நீயே சொல்ற. அம்மா கேக்கறது வீடில்லடி. கொட்டகை. உப்புத் தொட்டி, ஒரு தார்ப்பாய், கூடை வைக்க எடம், உக்காந்து கரைலேர்ந்து வர்றவங்ககிட்ட பேச ஒரு திண்ணை. அந்தப் பாதிச் சுவர இடிக்காதீங்க. மேல தகரத்தப் போட்டுக் குடுங்க. காலைல போயிட்டு இருட்டறதுக்குள்ள வந்துரட்டும், தூக்கம் குவார்ட்டர்ஸ்ல. இத அண்ணன்கிட்ட நான் பேசவா? நீ பேசுனா சண்டையாயிடும், நான்னா வெளிநாட்டுக்காரி ஏதோ ஒளறுறான்னு கேட்டுக்குவான். தகரத்துக்கு என் பங்கு உண்டு, வேணாம்னு சொன்னா மெய்யாலுமே கோவம் வரும்.

வர்ற 26ம் தேதிக்கு நீ கரைக்குப் போவேல்ல? எனக்கும் சேத்துப் பூ போடு. தேவிக்குத் தனியா.

ஆங், மீன் சாப்பிட்டேனான்னு கேப்ப. அங்க குளிர்காலத்துல புரின்னு ஒரு மீன் (பூரி இல்ல, சிரிக்காத), வஞ்சிரத்துக்கு இருக்கற மவுசு அதுக்கு. சின்னதா இருக்கறப்ப ட்சுபாசு, அப்புறம் ஹமாச்சி, மெஜிரோ, முழுசா வளந்தாத்தான் புரி. பச்சையாதான் குடுத்தாங்க, சோயால தொட்டு. வெண்ணெய்தான், ஆனா மனசு மொளகாய்த்தூளத் தேடுச்சு.

உங்கம்மாவுக்குன்னு ஒரு பாக்கெட் வாங்கிருக்கேன். ஹெஷிக்கோன்னு பேரு. கானாங்கெளுத்திய உப்புல போட்டு, அப்புறம் அரிசித் தவிட்டுல புதைச்சு மாசக்கணக்குல வச்சு எடுக்கறது. லேசா சுட்டு ஒரு துண்டு போதும், ஒரு தட்டு பழைய சோறு எறங்கிரும். பாப்பா மூக்கப் பொத்திக்கிட்டா, இவரு கதவத் திறந்து விட்டாரு. ஜனவரில இவரு ஃப்ரெண்ட் சென்னை வர்றாரு, குடுத்து விடறேன். தவிடுன்னு முன்னாடியே சொல்லிராத, 'மாட்டுக்குப் போடறதப் போயி மீனுக்குப் போட்டிருக்கா'ன்னு வாய்லயே வைக்க மாட்டாங்க. சாப்பிட்டப்புறம் சொல்லு, என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் அனுப்பு. பதினோரு நிமிஷம்னாலும் அன்னிக்கே கேக்கறேன்.

கலா